பனித்துளியை ஆண்ட பொறியியலார்

குளிர்சாதனம் என்றதும் குளிர்ச்சி ஒன்றே நம் நினைவுக்கு வரும். ஆனால் குளிர்ந்த காற்று தனியே வருவதில்லை. ஈரத்தையும் இரைச்சலையும் உடன் அழைத்து வருகிறது. இவற்றோடு வாழ்நாள் முழுவதும் மல்லாடியவர் வில்லிஸ் ஹாவிலண்ட் கேரியர். பௌதிகம் பயிலும் மாணவனாகிய நான் அவர் வரலாற்றை நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

1876 நவம்பர் 26ஆம் நாள், நியூயார்க் மாநிலத்து அங்கோலா என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். பின்னக் கணக்கு புரியாமல் தவித்த சிறுவனுக்கு அன்னை ஆப்பிள் பழங்களை நறுக்கி விளக்கினார். எந்தச் சிக்கலையும் கூறுபோட்டுப் பார்க்கும் பழக்கம் அன்றே படிந்தது. உதவிச் சம்பளம் பெற்றுக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1901இல் பட்டம் பெற்றார். பஃபலோ ஃபோர்ஜ் கம்பெனியில் வேலை. வாரம் 10 டாலர் ஊதியம்.

மறு ஆண்டே சோதனை வந்தது. புரூக்ளினில் ஓர் அச்சகம். காற்றின் ஈரம் ஏறி இறங்கக் காகிதம் விரிந்து சுருங்கியது. ஒரு வண்ணத்தின்மேல் அடுத்த வண்ணம் சரியாக விழவில்லை. குளிர்நீர்க் குழாய்ச் சுருள்கள் வழியே காற்றைச் செலுத்தி, ஒப்பு ஈரப்பதத்தை 55 சதவீதத்தில் நிறுத்தத் திட்டம் வரைந்தார் கேரியர். அவருடைய முதல் குளிர்சாதனம் மனிதருக்காக அன்று, காகிதத்துக்காக அமைந்தது!

அதே ஆண்டு பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் மூடுபனி சூழ்ந்திருந்தது. அதைப் பார்த்தபடி நின்றவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. மூடுபனி என்பது நீராவியால் தெவிட்டிய காற்று. தெவிட்டிய காற்றின் வெப்பநிலை தெரிந்தால் அதிலுள்ள ஈரத்தின் அளவும் தெரியும். எனவே குளிர்நீரை நுண்துளிகளாகத் தெளித்துக் காற்றைத் தெவிட்டச் செய்து, பின் வேண்டிய அளவு சூடேற்றினால் ஈரம் நம் கைக்குள் அடங்கும். நீரைக் கொண்டே காற்றை உலர்த்தும் விந்தை இது! 1906இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1911இல் ஈரக்காற்றின் கணக்குகளைச் சூத்திரங்களாக்கி அமெரிக்க இயந்திரப் பொறியியலார் சங்கத்தில் படித்தார்.

1915இல் ஆறு தோழர்களுடன் 32,600 டாலர் முதல் திரட்டிச் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1925இல் நியூயார்க் ரிவோலி திரையரங்கைக் குளிர்வித்தார். விசிறியோடு வந்தவர்கள் சற்று நேரத்தில் விசிறுவதை மறந்தார்கள்.

வானளாவிய கட்டடங்கள் எழுந்தபோது பெரிய காற்றுக் குழாய்களுக்கு இடமில்லை. 1930களின் இறுதியில் மெல்லிய குழாய்களில் காற்றை மிகு வேகத்தில் அனுப்பும் முறையை அவர் கொணர்ந்தார். ஈரத்தை மைய நிலையத்திலேயே நீக்கியதால், அறையிலுள்ள சுருள்களில் நீர் சொட்டாது. ஆனால் வேகம் கூடினால் இரைச்சலும் கூடுமே! காற்று அறைக்குள் நுழையுமுன் நார்ப்பொருள்களால் ஒலியை உறிஞ்ச வேண்டும். விசிறியின் அதிர்வைச் சுருள்வில்லால் தடுக்க வேண்டும். இங்கே ஒரு முரண்: ஒலியை உறிஞ்சும் நார், ஈரம் பட்டால் கெட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே ஈரத்தை வெல்லாதவன் இரைச்சலையும் வெல்ல முடியாது.

நான் வேலை செய்த ஓர் ஆய்வுக்கூடத்தில் மழைக்காலம் முழுதும் கூரைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. நுட்பமான கருவிக்குக் குடை பிடிக்காத குறைதான். ஒரு பருவத்து அளவீடுகள் வீணாயின. காரணம் எளிது. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரமும் உள்ள காற்றின் பனிநிலை ஏறத்தாழ 26 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பும் வியர்க்கும். குழாயைச் சுற்றிய உறையில் ஒரு கிழிசல் இருந்தாலும் நீராவி உட்புகுந்துவிடும். அங்கு யாரும் அந்தக் கணக்கைப் போடவில்லை.

1950 அக்டோபர் 7ஆம் நாள் கேரியர் மறைந்தார். நம்மில் பலர் நாளை கட்டடங்களும் ஆய்வுக்கூடங்களும் அமைக்கப் போகிறோம். யந்திரத்தின் விலையைக் கேட்குமுன் காற்றின் பனிநிலையைக் கேட்போமாக. அவருக்கு நாம் செலுத்தத்தக்க மரியாதை அதுவே.