நூட் ராக்னி

நூட் கென்னத் ராக்னி (மார்ச் 4, 1888 - மார்ச் 31, 1931) நோர்வேயில் பிறந்த அமெரிக்கக் காற்பந்து வீரரும் பயிற்றுநரும் ஆவார். ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் நகரருகே அமைந்துள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழக அணிக்கு 1918 முதல் 1930 வரை தலைமைப் பயிற்றுநராக இருந்தார். இவரது காலத்தில் அவ்வணி 105 ஆட்டங்களில் வென்றது. 12 ஆட்டங்களில் தோற்றது. 5 ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. கல்லூரி அணிகளுக்கு நாடளாவிய இறுதிப்போட்டி எதுவும் இல்லாத அக்காலத்தில், 1924, 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் நோட்டர் டேம் நாட்டின் முதன்மை அணியாக ஏற்கப்பட்டது. பயிற்றுநர் குழுவும் தாக்குதல் முறையும் மாறும்போதெல்லாம் கல்லூரி அணிகளின் இரசிகர்களிடையே எழும் பெரும் எதிர்பார்ப்பு, இவரது காலத்திலும் இவரது மறைவுக்குப் பின்னரும் உருப்பெற்ற ஒன்று எனலாம்.

இளமைக் காலம்

ராக்னி நோர்வேயின் வொஸ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை லார்ஸ் இரும்புக் கொல்லரும் வண்டி செய்பவருமாவார். 1893 இல் சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியையொட்டித் தந்தை அமெரிக்கா சென்றார். குடும்பமும் அங்கேயே குடியேறியது. அப்போது ராக்னிக்கு ஐந்து வயது. பள்ளிப் படிப்புக்குப் பின் சில ஆண்டுகள் சிக்காகோ அஞ்சலகத்தில் பணிபுரிந்து பணம் சேர்த்து, 1910 இல், 22 ஆவது அகவையில், நோட்டர் டேமில் சேர்ந்தார். உடன் பயின்றவர்களில் பலர் இவரை விட வயதில் இளையவர்கள். நோட்டர் டேம் ஒரு கத்தோலிக்க நிறுவனம். ராக்னியோ லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். 1925 ஆம் ஆண்டிலேயே இவர் கத்தோலிக்கராக மாறினார்.

படிப்பிலும் இவர் சிறந்து விளங்கினார். 1914 இல் மருந்தியல் பட்டம் பெற்று, வேதியியலாளர் ஜூலியஸ் நியூலண்டின் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தார். செயற்கை இரப்பரின் உருவாக்கத்திற்கு வழிகோலிய அதே நியூலண்ட் தான் இவர். காற்பந்து குறுக்கிடாதிருந்தால் ராக்னி வேதியியல் ஆசிரியராகவே வாழ்ந்திருக்கக் கூடும். அதே ஆண்டில் பானி ஸ்கைல்சு என்பவரை மணந்தார். இவர்களுக்கு மூன்று ஆண் மக்களும் ஒரு மகளும் பிறந்தனர்.

முன்வீச்சும் 1913 ஆட்டமும்

அமெரிக்கக் காற்பந்து நாம் அறிந்த காற்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைப் பெரும்பாலும் கையில் ஏந்தி, அணிக்குப் பதினொருவராக ஆடப்படுவது. 1905 வரை பந்தை முன்னோக்கி எறிய விதிகள் இடம் தரவில்லை. வீரர்கள் நெருக்கமாகக் கூடி மோதியதால் களத்தில் உயிரிழப்புகள் நிகழ்ந்தன. குடியரசுத் தலைவர் தியோடோர் ரூசவெல்ட் தலையிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. அதன் பின் 1906 இல் முன்வீச்சு அனுமதிக்கப்பட்டது. எனினும் பெரிய கல்லூரிகள் பல அதனை ஐயத்துடனேயே நோக்கின.

1913 கோடையில் ராக்னியும் அணியின் குவாட்டர்பேக்கான கஸ் டோரேயும் ஒகையோ மாநிலத்தின் சீடர் பாயிண்ட் ஏரிக்கரை விடுதியில் வேலை பார்த்தனர். ஓய்வு நேரத்தில் மணலில் முன்வீச்சைப் பயின்றனர். ஓடியபடியே கைகளால் பந்தை ஏந்திக் கொள்வதே அவர்கள் பழகிய நுட்பம். அவ்வாண்டு நவம்பர் 1 அன்று வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கழக அணியை அதன் சொந்தக் களத்திலேயே நோட்டர் டேம் 35-13 என வென்றது. டோரே எறிந்த 17 வீச்சுகளில் 14 உரியவர் கைசேர்ந்தன. 243 யார் தொலைவு கிடைத்தது. அதுவரை கிழக்கு மாநிலங்களில் அதிகம் அறியப்படாதிருந்த ஒரு சிறு கல்லூரியின் பெயர் மறுநாள் செய்தித்தாள்களில் இடம்பெற்றது. முன்வீச்சை ராக்னியே கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவது சரியன்று. செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழக அணி 1906 இலேயே அதனைப் பயன்படுத்தியது. பெரிய அணியொன்றை அதைக் கொண்டு வீழ்த்தலாம் என நாட்டுக்குக் காட்டியதே 1913 ஆட்டத்தின் சிறப்பு.

தலைமைப் பயிற்றுநர்

1914 முதல் பயிற்றுநர் ஜெஸ்ஸி ஹார்ப்பரின் உதவியாளராக இருந்த ராக்னி, அவர் விலகியதும் 1918 இல் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அந்நாளில் அவ்வறிவிப்பு எவ்விதப் பரபரப்பையும் ஏற்படுத்தவில்லை. உலகப் போரும் நச்சுக் காய்ச்சலும் கல்லூரிகளை வெறிச்சோடச் செய்திருந்தன. முதற் பருவத்தில் ஆறு ஆட்டங்களே நடந்தன. மூன்று வெற்றி, ஒரு தோல்வி, இரண்டு சமநிலை. அடுத்த இரு பருவங்களிலும் அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. அவ்வெற்றிகளுக்குப் பெரிதும் துணைநின்ற ஜார்ஜ் கிப், 1920 டிசம்பரில், தொண்டைத் தொற்றும் நுரையீரல் அழற்சியும் கண்டு 25 ஆவது வயதில் இறந்தார்.

ராக்னியின் தாக்குதல் முறை "நோட்டர் டேம் பெட்டி" எனப்பட்டது. இதன் அடிப்படைகளை ஹார்ப்பரிடமிருந்து பெற்ற ராக்னி, அதனைச் செம்மைப்படுத்தினார். பின்வரிசை வீரர் நால்வரும் முதலில் ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் நிற்பர். குறிப்பொலி கேட்டதும் நால்வரும் ஒரே தாளத்தில் இடப்புறமோ வலப்புறமோ பெயர்ந்து சதுரமாக நிற்பர். அவர்களது கால் தரையில் ஊன்றும் அதே கணத்தில் மைய வீரர் பந்தைப் பின்னால் கொடுப்பார். எதிரணி தன் வரிசையை மாற்றியமைக்க நேரம் இராது. உடல் எடையைக் காட்டிலும் விரைவும் ஒத்திசைவும் இதற்கு இன்றியமையாதவை. ஆகையால் சிறிய உடலமைப்புக் கொண்ட இளைஞர்களைக் கொண்டும் இவரால் பெரிய அணிகளை எதிர்கொள்ள முடிந்தது. ஆட்டத்தின் தொடக்கத்தில் இரண்டாம் நிலை வீரர்களை இறக்கி எதிரணியைக் களைப்படையச் செய்துவிட்டு, பின்னர் முதன்மை வீரர்களை அனுப்புவதும் இவரது வழக்கம்.

1924 ஆம் ஆண்டு அணியின் பின்வரிசையில் ஆடிய ஹாரி ஸ்டல்ட்ரெகர், ஜிம் குரோலி, டான் மில்லர், எல்மர் லேடன் ஆகிய நால்வரில் எவரும் 75 கிலோகிராம் எடையுள்ளவர் அல்லர். அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று நியூயார்க்கில் இராணுவ அணியை 13-7 என வென்றபின், விளையாட்டு எழுத்தாளர் கிராண்ட்லேண்ட் ரைஸ் இவர்களை விவிலியத்தின் நான்கு குதிரை வீரர்களுடன் ஒப்பிட்டு எழுதினார். நால்வரையும் குதிரைகள் மீது அமர்த்தி எடுக்கப்பட்ட ஒளிப்படம் நாடெங்கும் பரவியது. அப்பருவத்தின் முடிவில், 1925 புத்தாண்டு நாளன்று, பாப் வார்னர் பயிற்றுவித்த ஸ்டான்ஃபோர்டு அணியை ரோஸ் பௌல் போட்டியில் 27-10 என நோட்டர் டேம் வென்றது.

இம்முறையின் வலிமையே அதற்கு எதிர்ப்பையும் தேடித் தந்தது. இடம்பெயர்ந்த வீரர்கள் பந்து தரப்படுமுன் ஒரு நொடி முழுமையாக அசையாது நிற்க வேண்டும் என 1927 இல் விதிக்குழு வரையறுத்தது. ராக்னி இதனைக் கடுமையாக எதிர்த்தார். பின்னர் அந்த ஒரு நொடிக்கேற்பத் தம் முறையைத் திருத்திக்கொண்டு அதனாலேயே மேலும் இரு முதன்மைப் பட்டங்களை வென்றார்.

இரசிகர்கள்

நோட்டர் டேமின் இரசிகர்களுள் பெரும்பாலோர் அப்பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். அயர்லாந்து, இத்தாலி, போலந்து ஆகிய நாடுகளிலிருந்து வந்து நகரங்களில் உழைத்து வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் அவ்வணியைத் தமதாகக் கருதின. நியூயார்க்கில் நிலத்தடித் தொடருந்தில் ஏறி ஆட்டம் காண வந்த இவர்களுக்குச் "சுரங்கத் தொடருந்துப் பழைய மாணவர்கள்" என்ற பட்டப்பெயரும் வழங்கியது. கத்தோலிக்கரையும் குடியேறிகளையும் வெறுத்த கு கிளக்ஸ் கிளான் இயக்கம் அக்காலத்தில் இந்தியானாவில் வலுவுடன் இருந்தது. 1924 மே மாதத்தில் சவுத் பெண்டில் அவ்வியக்கத்தினருக்கும் நோட்டர் டேம் மாணவர்களுக்கும் கைகலப்பே மூண்டது. அத்தகைய சூழலில் அதே ஆண்டு அணி பெற்ற வெற்றிகள் வெறும் விளையாட்டுச் செய்தியாக மட்டும் வாசிக்கப்படவில்லை. 1927 இல் சிக்காகோவில் தெற்குக் கலிபோர்னியா அணியுடன் நடந்த ஆட்டத்தைக் காண ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினர்.

இந்த நம்பிக்கை ராக்னியையும் வருத்தாமல் விடவில்லை. 1926 இல் வலிமை குறைந்ததெனக் கருதப்பட்ட கார்னகி தொழில்நுட்ப அணியுடனான ஆட்டத்தைத் துணைப் பயிற்றுநரிடம் விட்டுவிட்டு, இவர் வேறோர் ஆட்டத்தைக் காண சிக்காகோ சென்றார். அணி 0-19 எனத் தோற்றது. 1928 இல் நிலை மேலும் மோசமானது: ஐந்து வெற்றி, நான்கு தோல்வி. அப்பருவத்தில்தான், நவம்பர் 10 அன்று, தோல்வியே காணாத இராணுவ அணிக்கு எதிரான ஆட்டத்தில், மறைந்த கிப்பின் இறுதி வேண்டுகோள் எனக் கூறி வீரர்களுக்கு ஊக்கமூட்டினார். அணி 12-6 என வென்றது. கிப் அவ்வாறு உண்மையிலேயே வேண்டிக்கொண்டாரா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஐயம் உண்டு. எட்டு ஆண்டுகள் அதனை ஏன் மறைத்து வைத்திருந்தார் என்ற வினா நியாயமானதே.

கார்ட்டியர் திடல் கூட்டத்திற்குப் போதாமையால் புதிய விளையாட்டரங்கு ஒன்றை அமைக்க ராக்னி நெடுங்காலம் வற்புறுத்தி வந்தார். அதன் தனி மாடங்களைப் பத்தாண்டுகளுக்கு முன்பதிவு செய்து இரசிகர்கள் பணம் கட்டினர். கட்டுமானம் நடந்த 1929 இல் அணி ஓர் ஆட்டத்தையும் சொந்தக் களத்தில் ஆடவில்லை. ராக்னியோ காலில் குருதிக்குழாய் அழற்சியால் துன்புற்று, பல நாள் சக்கர நாற்காலியிலிருந்தே பயிற்சி அளித்தார். ஆயினும் ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றி கிட்டியது. ஏறத்தாழ 54,000 இருக்கைகள் கொண்ட புதிய அரங்கு 1930 அக்டோபரில் திறக்கப்பட்டது. அப்பருவத்தின் பத்து ஆட்டங்களிலும் அணி வென்றது. பத்தாண்டுக்குப் பணம் கட்டியவர்கள் அவ்வரங்கில் ராக்னியைக் கண்டது அந்த ஒரு பருவம் மட்டுமே.

மறைவு

1931 மார்ச் 31 அன்று, திரைப்படம் ஒன்றின் உருவாக்கத்திற்கு உதவும் பொருட்டு லாஸ் ஏஞ்சலஸ் நோக்கி ராக்னி பயணம் செய்த ஃபோக்கர் எஃப்-10 வகை வானூர்தி, கேன்சஸ் மாநிலத்தின் பசார் என்னும் சிற்றூரருகே வீழ்ந்தது. அதிலிருந்த எண்மரும் உயிரிழந்தனர். அப்போது ராக்னிக்கு 43 வயது. மரத்தாலான இறக்கையின் ஒட்டுப் பகுதிகள் ஈரத்தால் வலுவிழந்திருந்தமை விபத்துக்குக் காரணமாகக் கருதப்பட்டது. மக்களிடையே எழுந்த கொந்தளிப்பால் அவ்வகை வானூர்திகளின் பறப்பு சிலகாலம் நிறுத்தப்பட்டது. முழு உலோக வானூர்திகளுக்கு வானூர்தி நிறுவனங்கள் விரைந்து மாறியதற்கும் இவ்விபத்து ஒரு காரணமாயிற்று. குடியரசுத் தலைவர் ஹூவர் இரங்கல் தெரிவித்தார். நோர்வே மன்னர் ஏழாம் ஹாகோன் இவருக்கு மறைவுக்குப் பின் வீரத்திருத்தகை மதிப்பு வழங்கினார்.

பின்வந்தோர்

ராக்னியின் இடத்தை ஒருவரால் நிரப்ப இயலாது என்று கருதியோ என்னவோ, 1931 இல் பொறுப்பு இருவரிடம் தரப்பட்டது. ராக்னியின் மாணவர்களான ஹங்க் ஆண்டர்சன் மூத்த பயிற்றுநராகவும் ஜாக் செவிக்னி இளைய பயிற்றுநராகவும் அமர்த்தப்பட்டனர். ஹார்ப்பர் விளையாட்டுத் துறை இயக்குநராகத் திரும்பி வந்தார். வீரர்களும் தாக்குதல் முறையும் பழையவை ஆதலால் இரசிகர்கள் பழைய வெற்றிகளையே எதிர்பார்த்தனர். நவம்பர் 21 வரை அவர்கள் எதிர்பார்ப்பு பொய்க்கவும் இல்லை. அன்று சொந்த அரங்கில் தெற்குக் கலிபோர்னியா அணிக்கெதிராக 14-0 என முன்னணியில் இருந்த நோட்டர் டேம், இறுதிக் காற்பகுதியில் 16 புள்ளிகளை விட்டுக்கொடுத்துத் தோற்றது. 26 ஆட்டங்களாகத் தொடர்ந்த தோல்வியின்மை முடிவுக்கு வந்தது. 1933 இல் மூன்று வெற்றிகளே கிடைத்தன, ஆண்டர்சன் விலகினார். அவரையடுத்து வந்தவர் நான்கு குதிரை வீரருள் ஒருவரான லேடன். அவர் 1940 வரை ஏழு பருவங்களில் 47 ஆட்டங்களை வென்றும் முதன்மைப் பட்டம் எதுவும் கிட்டாமையால் இரசிகர்கள் நிறைவடையவில்லை.

இதற்கிடையே ராக்னியின் மாணவர்களைத் தேடிப் பிற கல்லூரிகளும் சென்றன. அவர்களோடு அப்பெட்டி முறையும் நாடெங்கும் பரவியது. குரோலி ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் பயிற்றுவித்தவர்களுள் வின்ஸ் லொம்பார்டியும் ஒருவர். ஃபிராங்க் தாமஸ் 1931 இல் அலபாமா சென்றார். பின்னாளில் அலபாமாவின் புகழ்பெற்ற பயிற்றுநரான பேர் பிரையண்ட் அவரிடம் ஆடியவரே. ராக்னியிடம் 1918 இல் ஆடிய கர்லி லாம்போ கிரீன் பே பேக்கர்சு என்னும் தொழில்முறை அணியை நிறுவியவர்களுள் ஒருவர்.

1941 இல் நோட்டர் டேமின் பொறுப்பேற்ற ஃபிராங்க் லீஹியும் ராக்னியின் மாணவரே. முதற் பருவத்தில் தோல்வி ஏதுமின்றி முடித்த அவர், 1942 இல் ராக்னியின் பெட்டி முறையைக் கைவிட்டு, சிக்காகோ பேர்சு அணி கையாண்ட புதிய 'டி' வடிவ முறையைக் கொண்டுவந்தார். முதல் ஆட்டம் சமநிலை, இரண்டாம் ஆட்டம் தோல்வி என்றானதும், ராக்னியின் மரபைக் கெடுத்தார் என்ற கண்டனங்கள் எழுந்தன. லீஹி பழைய முறைக்குத் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு, 1943 இல், நோட்டர் டேம் மீண்டும் நாட்டின் முதன்மை அணியாயிற்று. ராக்னியின் மறைவுக்குப் பின் அதற்குக் கிட்டிய முதல் பட்டம் அது.