மறதியின் வேர் தேடிய மருத்துவர்

எங்கள் சுத்துக்கேணியில் முதியவர் பெயர் மறந்தால் வயதுக் கோளாறு என்பர். வீட்டு வழி மறந்தால் காத்துக் கருப்பு என்பர். உண்ட பின்னும் உண்ணவில்லையென்று சாதித்த என் ஆயாவை நானும் கடிந்துகொண்டவனே. அது பிடிவாதமன்று, மூளையை அரிக்கும் நோய் என்று மருத்துவர் ஒருவர் விளக்கிய பின்னரே, அந்நோய்க்குப் பெயர் தந்தவரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அவர்தாம் அலோய்ஸ் அல்சைமர்.

ஜெர்மனி நாட்டின் மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் 1864 ஜூன் 14ஆம் நாள் பிறந்தார். 1887இல் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டே பிராங்க்பர்ட் மனநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். மனத்தின் நோய் மூளைத் திசுவிலும் தடம் பதித்திருக்கும் என்பது அவர் துணிபு. நண்பர் பிரான்ஸ் நிசில் வகுத்த சாயமேற்றும் முறை அதற்கு உறுதுணையாயிற்று.

1901இல் மூன்று குழந்தைகளை விட்டு அவர் மனைவி மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அகஸ்டே டீட்டர் என்னும் 51 வயது மாது அம்மருத்துவமனைக்கு வந்தார். கணவர் மீது காரணமற்ற ஐயம். தம் பெயரையும் எழுதி முடிக்க இயலாத மறதி. அல்சைமர் அவரருகே அமர்ந்து பொறுமையுடன் வினவி, ஒவ்வொரு விடையையும் குறித்து வைத்தார்.

1903இல் மியூனிக் நகருக்குச் சென்ற பின்னும் அம்மாதை அவர் மறந்தாரில்லை. 1906 ஏப்ரலில் அவர் இறந்ததும் மூளையை வரவழைத்து, வெள்ளிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுகள். உள்ளே முறுக்குண்ட நூற்சிக்கல்கள்! அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாள் டியூபிங்கன் மாநாட்டில் இதனை அறிவித்தார். அவையில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனினும் 1907இல் கட்டுரையாக வெளியிட்டார். 1910இல் பேராசிரியர் கிரெப்பெலின் தம் நூலில் அந்நோய்க்கு அல்சைமர் பெயரைச் சூட்டினார்.

1915 டிசம்பர் 19ஆம் நாள் அல்சைமர் காலமானார். அகஸ்டே மருத்துவமனைக்கு வந்த அதே 51 வயதுதான் அவருக்கும்.

திட்டுகளில் இருப்பது அமிலாய்டு என்னும் புரதம் என 1984இல் கிளென்னரும் வாங்கும் காட்டினர். சிக்கல்களில் இருப்பது டௌ புரதம் எனவும் பின்னர்த் தெளிவாயிற்று. மறதி வெளிப்படுவதற்குப் பல்லாண்டு முன்னரே இவை மூளையில் சேரத் தொடங்குகின்றன. திட்டுகளைக் கரைக்கும் புதிய மருந்துகள் நோயின் வேகத்தைச் சற்றே தணிக்கின்றன, நோயைத் தீர்ப்பதில்லை.

என் ஆயா இன்று இல்லை. நோய்க்கு மருந்தில்லாத நாளிலும் அருகமர்ந்து கேட்க ஒருவர் இருந்தார் என்பதை எண்ணும்போது, நான் கடிந்த சொற்களே என் நெஞ்சில் நிற்கின்றன.