பாறையைப் படித்த பூட்

மணலிக்கு வடக்கே ஓடி எண்ணூரில் கடலைச் சேர்கிறது கொசஸ்தலையாறு. அதன் கரையோடு மேற்கே சென்றால் அத்திரம்பாக்கம் வரும். 1863 செப்டம்பரில் அங்கு வில்லியம் கிங்குடன் சென்று கற்கால மனிதனின் கருவிகளைக் கண்டவர் இராபர்ட் புரூஸ் பூட். அவ்வாண்டு மே 30 அன்று பல்லாவரத்தில் கிடைத்த கற்கருவியே அவருக்குப் புகழ் தேடித் தந்தது. தொல்லியலாளர் என்றே அவரை உலகம் அறியும். அவர் ஏற்றிருந்த பணியோ வேறு.

1834ஆம் ஆண்டு இங்கிலாந்தின் செல்டனாமில் பிறந்த பூட், 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். பாலாற்றுக்கு வடக்கேயுள்ள நிலப்பரப்பைச் சுற்றி வந்து அதன் பாறைகளை ஆராய்ந்தார். திருப்பெரும்புதூர், சத்தியவேடு ஆகிய ஊர்களின் சுற்றுப்புறங்களில், மிகப் பழைய படிகப் பாறைகளின்மேல் களிப்பாறையும் மணற்பாறையும் கூழாங்கல் அடுக்குகளும் படிந்திருந்தன. திருப்பெரும்புதூர்ப் படிவுகளில் நிலத்துச் செடிகளின் இலைப்பதிவுகளோடு கடலுயிர்களின் எச்சங்களும் இருந்தன. கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. உள்ளே, காட்டின் தடமும் கடலின் தடமும் ஒரே படிவில்! கண்டவற்றை 1873இல் வெளிவந்த தம் அறிக்கையில் பூட் பதிவு செய்தார். அவற்றின் முழுக் காரணத்தைச் சொல்ல அன்றைய அறிவியலால் இயலவில்லை.

காரணம் ஒரு கண்டத்தின் முறிவில் இருந்தது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தியாவும் அண்டார்க்டிகாவும் ஒன்றாக இணைந்திருந்தன. பின்னர் அவற்றிடையே புவிமேலோடு இருபுறமும் இழுபட்டது. ஆழத்தில் வெப்பத்தால் இளகியிருந்த பகுதி, பிசைந்த மாவைப்போல நீண்டு மெலிந்தது. குளிர்ந்து இறுகிய மேற்பகுதியால் அவ்வாறு நீள இயலவில்லை. அது சாய்வான பிளவுகளாக வெடித்தது. பிளவுகளின் வழியே பாறைப் பாளங்கள் சரிந்து இறங்கிப் பள்ளங்களாயின. ஆறுகள் அப்பள்ளங்களில் கூழாங்கல்லையும் மணலையும் சேற்றையும் கொட்டின; தாழ்ந்த இடங்களில் கடல் புகுந்தது. இறுதியில் மேலோடு அறுபட, இடைவெளியில் பாறைக்குழம்பு எழுந்து இறுகிப் புதிய கடற்றரையாயிற்று. அண்டார்க்டிகா விலகியது, வங்கக்கடல் விரிந்தது. சோழமண்டலக் கரை அந்த முறிவின் ஒரு விளிம்பு. பூட் ஆராய்ந்த படிவுகள் பிளவுப் பள்ளங்களில் சேர்ந்தவை. அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகள் கிடைக்கும் மண்ணுக்கு அடியில் கிடப்பதும் அக்காலக் களிப்பாறையே.

1891இல் ஓய்வுபெற்ற பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பரோடா, மைசூர் அரசுகளுக்காக ஆய்வு செய்தார். தாம் திரட்டிய தொல்பொருள்களை 1904இல் சென்னை அருங்காட்சியகத்திற்கு விற்றார். 1912 சனவரியில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ஆல்பிரட் வெக்னர், கண்டங்கள் ஒன்றாயிருந்து பிரிந்தவை என்னும் கருத்தை முன்வைத்தார். அது ஏற்கப்படவே அரை நூற்றாண்டு ஆயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 29 அன்று பூட் கல்கத்தாவில் காலமானார். அவரது அஸ்தி ஏற்காட்டுத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.