ஃப்ரிட்ஜில் வாழைப்பழம் கறுப்பது ஏன்? செடிக்கும் ‘ஜலதோஷம்’ உண்டு எனக் கண்டுபிடித்த மோலிஷ் கதை!

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிக்கல் ஞாபகம் இருக்கா? டெஸ்ட் டியூபில் குளுக்கோஸ் கரைசல், ரெண்டு சொட்டு ஆல்ஃபா நாஃப்தால், அப்புறம் டியூபைச் சாய்ச்சுப் பிடிச்சு ஓரமா கந்தக அமிலம். நடுவில் ஊதா வளையம் வந்துட்டா, ‘மோலிஷ் சோதனை: கார்போஹைட்ரேட் உள்ளது’ என ரெக்கார்டில் எழுதிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுவோம். அந்த மோலிஷ் யார்னு யாரும் கேட்டதில்லை. ஆச்சர்யம் என்னன்னா, அவர் கெமிஸ்ட்ரிக்காரரே இல்லை. தாவரவியலாளர். ஃப்ரிட்ஜில் வெச்ச வாழைப்பழம் ஏன் கறுத்துப்போகுதுங்கிற கேள்விக்கு விடை தேடிப் போனாலும் அவரிடம்தான் வந்து நிற்போம்.

ஹான்ஸ் மோலிஷ் பிறந்தது 1856-ல், ப்ருன் நகரத்தில். இன்று செக் குடியரசில் இருக்கும் ப்ர்னோதான் அது. அப்பா நர்சரி வைத்திருந்தார். செடி, மண், பனி எல்லாமே அந்தக் குடும்பத்துக்குப் பிழைப்பு. அதே ஊர் மடாலயத்தில், அதே 1856-ல்தான் கிரிகோர் மெண்டல் தன் பட்டாணிச் செடி ஆராய்ச்சியை ஆரம்பித்தார். தாவரவியலுக்கு அந்த ஊர் அப்படி ஒரு ராசி!

வியன்னாவில் படித்து டாக்டர் பட்டம் வாங்கினார் மோலிஷ். செடிகளுக்குள் எங்கெங்கே என்னென்ன வேதிப்பொருள் இருக்குன்னு தேடுவதுதான் அவருக்குப் பிடித்த வேலை. அந்தத் தேடலில் 1886-ல் கிடைத்ததுதான் ஊதா வளையம். அப்போது அவருக்கு 30 வயசு முடியலை.

பிறகு கிராட்ஸ், அங்கிருந்து பிராக். அங்கேதான் குளிர் பக்கம் தீவிரமாகத் திரும்பினார். பனியில் செடி எப்படிச் சாகுது? அதை நேரிலேயே பார்க்க ஆசைப்பட்டார். ரெண்டு அடுக்குச் சுவர் கொண்ட ஒரு பெட்டி. சுவர்களுக்கு நடுவில் ஐஸும் உப்பும். உள்ளே மைக்ரோஸ்கோப், கண் வைக்கும் குழாய் மட்டும் வெளியே. நம்ம ஊர் குல்ஃபி வண்டிக்குள் மைக்ரோஸ்கோப்பை இறக்கி வெச்ச மாதிரினு வெச்சுக்கோங்க. அதில் பாசி செல்கள் உறைவதைப் பார்த்தார். பெரும்பாலும் ஐஸ் உருவானது செல்லுக்கு வெளியே. அது உள்ளே இருக்கும் தண்ணீரை உறிஞ்ச, செல் சுருங்கிச் செத்துப்போனது.

ஆனா எல்லாச் செடியும் இப்படிச் சாவதில்லை. வெப்பநாடுகளிலிருந்து வந்த சில செடிகள், பூஜ்யம் டிகிரிக்கு மேலேயே, ஒரு துளி ஐஸ்கூட இல்லாமலே செத்தன. இது ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். அன்றைய தாவர உடலியலின் சூப்பர் ஸ்டாரான யூலியஸ் சாக்ஸ், இதற்கு ஒரு காரணமும் சொல்லியிருந்தார். மண் குளிர்ந்தால் வேர் தண்ணீர் இழுக்காது, இலை மட்டும் நீராவியை விட்டுக்கொண்டே இருக்கும், அதனால் செடி வாடிவிடும் என்பது அவர் கணக்கு. புகையிலையிலும் பூசணியிலும் அதைச் செய்தும் காட்டியிருந்தார்.

மோலிஷுக்கு அது போதலை. எபிசியா என்ற செடியை எடுத்தார். அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. நம்ம நர்சரிகளில் தொங்கும் தொட்டிகளிலும் பார்க்கலாம். ஈரப்பதம் நிறைந்த மூடிய இடத்தில், பூஜ்யத்துக்குச் சில டிகிரி மேலே குளிரில் வைத்தார். அங்கே இலையிலிருந்து தண்ணீர் ஆவியாக வழியே இல்லை. சாக்ஸ் சொன்னது மட்டும்தான் காரணம்னா, செடி பிழைச்சிருக்கணும். பிழைக்கலை. சில நாள்களிலேயே இலைகளில் பழுப்புத் திட்டுகள், அப்புறம் சாவு. பெரிய சாதனம் எதுவும் தேவைப்படாத சோதனை. எதிராளி சொல்லும் ஒரே காரணத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். எனக்கு அவர் வாழ்க்கையில் ரொம்பப் பிடித்த இடம் இது.

செல்லுக்குள் நடக்கும் வேதி வேலைகளையே குளிர் குலைக்குது என்பது அவர் முடிவு. 1897-ல் புத்தகமாக வந்தது. உறைந்து சாவதையும் குளிரில் சாவதையும் தனித்தனியாகப் பிரித்து, இரண்டாவதற்கு ‘எர்கெல்டுங்’ எனப் பெயர் வைத்தார். ஜெர்மன் மொழியில் ஜலதோஷத்துக்கும் அதே வார்த்தைதான்!

இன்று இதைத்தான் ‘சில்லிங் இன்ஜுரி’ என்கிறார்கள். வாழைப்பழம் சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனாலே அடி வாங்கும். செல்லைச் சுற்றியிருக்கும் படலம் கொழுப்பால் ஆனது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறையுது, நல்லெண்ணெய் உறையறதில்லை இல்லையா? கிட்டத்தட்ட அதே கதை. வாழை, மாம்பழம், தக்காளி போன்றவற்றின் படலம் லேசான குளிரிலேயே விறைத்து, ஒழுக ஆரம்பிக்கும். தனித்தனியாக இருக்கவேண்டிய பொருள்கள் கலந்து தோல் பழுப்பாகும். காயாக உள்ளே போனால், வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. நல்லா பழுத்த பழம்னா தோல் மட்டும்தான் கறுக்கும், உள்ளே சாப்பிடலாம். தூக்கிப்போட்டுடாதீங்க. மோலிஷ் காலத்தில் இந்தப் படலக் கதை தெரியாது. ஆனா பிரச்னை செல்லுக்குள்ளே என்ற திசையைக் காட்டியவர் அவர்.

புத்தகம் வந்த கையோடு ஜாவாவுக்குக் கிளம்பினார். குளிரில் செத்த செடிகளின் சொந்தக்காரர்கள், அங்கே வெயிலில் செழித்திருந்தார்கள். 1909-ல் வியன்னா பேராசிரியர். அந்தக் காலகட்டத்தில், லைலக் கிளைகளை வெந்நீரில் சில மணி நேரம் ஊறவைத்தால் பனிக்காலத்திலேயே பூக்கும் எனத் தோட்டக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நர்சரிக்காரர் மகன் அப்பா தொழிலுக்குச் செய்த உபகாரம்! 1922-லிருந்து மூன்று வருஷம் ஜப்பானின் செண்டாயில் பாடம் எடுத்தார். 1928-29-ல் கல்கத்தா வந்து, ஜகதீஷ் சந்திர போஸின் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தார். ஊர் திரும்பி இந்தியா பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார்.

80 வயசிலும் சும்மா இருக்கலை. ஆப்பிள் பழங்களையும் பட்டாணி நாற்றுகளையும் ஒரே கண்ணாடி மூடிக்குள் வைத்தார். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு, நாற்றுகளின் வளர்ச்சியைத் தடுத்துக் குண்டாக்கியது. ஒரு செடி இன்னொரு செடியை வேதிப்பொருளால் பாதிப்பதற்கு ‘அல்லெலோபதி’ எனப் பெயர் வைத்து 1937-ல் புத்தகம் போட்டார். பாடப்புத்தகங்களில் இன்றும் அதே பெயர்தான்.

அதே 1937-ல் வியன்னாவில் இறந்தார். அவர் படம்பிடித்த அந்த ஆப்பிள் வாயுவை, இன்று காய்களைப் பழுக்கவைக்கும் அறைகளில் அளந்து செலுத்துகிறார்கள். அதே அறைகளில் வாழைத்தார்களுக்கு ஏசி டிகிரியையும் 13-க்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.