பயத்தைப் போக்க வந்த அய்யா

பதியிலும் தாங்கலிலும் நாம் தலைப்பாகை கட்டிக்கொண்டு அய்யாவின் முன் நிற்கிறோம். சின்னப் பையன்கூட அப்பாவைப் பார்த்துத் துண்டைத் தலையில் சுற்றிக்கொள்கிறான். நமக்கு இது பழகிப்போன காரியம். ஆனால் இருநூறு வருடத்துக்கு முன்னே நம் பாட்டன் பூட்டன்மார் இப்படித் தலைப்பாகை கட்டியிருந்தால் முதுகில் அடி விழுந்திருக்கும். அந்த அடிக்குப் பயந்து குனிந்த ஜனங்களை நிமிர வைக்கவே அய்யா வந்தார். அந்தச் சரித்திரத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

அன்றைய தென்திருவிதாங்கூரில் தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தலைக்கு வரி, ஏறுகிற பனைக்கு வரி. கூலியில்லாத ஊழிய வேலை வேறு. பெண்கள் மாரை மறைத்துத் துணி போடக்கூடாது, தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மேல்சாதியார் எதிரே வந்தால் வழியை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும்.

இத்தனை ஜனங்கள் ஏன் அடங்கிக் கிடந்தார்கள்? அரசனிடம் இருந்த சேவகர்கள் கொஞ்சம் பேர்தான், ஜனங்களோ ஏராளம். ஆனாலும் ஒருவனைச் சந்தையில் கட்டிவைத்து அடித்தால் பார்த்து நிற்கிற நூறு பேர் குனிந்துவிடுவார்கள். ஒரு பெண்ணின் மேல்துணியைக் கிழித்தால் அந்த ஊரில் வேறெந்தப் பெண்ணும் துணி போடத் துணிய மாட்டாள். அடி விழுவது ஒருவனுக்கு, பயம் பிடிப்பது ஊருக்கு. வெளியே முதுகு வளைந்து நின்றவன் வீட்டுக்கு வந்து பெண்டாட்டி பிள்ளைகளிடம் சீறுவான். தனக்கும் கீழே ஒருவன் இருக்கிறானா என்று தேடுவான். பயம் மனிதனைக் கோழையாக்குவதோடு நிற்பதில்லை, கொடியவனாகவும் ஆக்கிவிடுகிறது.

இதோடு பேய்ப்பயமும் சேர்ந்தது. காய்ச்சல் வந்தால் மாடன் அடித்தது என்பார்கள், பிள்ளை இறந்தால் பேய் கொண்டுபோனது என்பார்கள். வரி கொடுத்தது போக மிஞ்சிய காசு மந்திரவாதிக்குப் போகும். வளர்த்த ஆடும் கோழியும் பலிக்குப் போகும்.

இப்படிப்பட்ட காலத்தில், 1809-ஆம் ஆண்டு, பூவண்டன்தோப்பு என்று அழைக்கப்பட்ட இன்றைய சாமிதோப்பில் பொன்னுமாடன், வெயிலாள் என்ற தம்பதிகளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் ஆசையாக முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். பனையேறுகிறவன் பிள்ளைக்கு முடிசூடும் பெயரா என்று மேல்சாதியார் கொதித்தார்கள். பெற்றோர் பயந்து முத்துக்குட்டி என்று பெயரை மாற்றினார்கள். பெற்ற பிள்ளைக்கு விரும்பிய பெயரை வைக்கக்கூட அன்று தைரியம் இல்லை.

இருபத்து நான்கு வயதில் முத்துக்குட்டிக்குக் கடும் நோய் கண்டது. கொல்லம் ஆண்டு 1008, மாசி மாதம், அதாவது 1833-இல், திருச்செந்தூர் திருவிழாவுக்கு அவரைத் தொட்டில் கட்டித் தூக்கிச் சென்றார்கள். போகிற வழியில் எழுந்து தானே நடந்து கடலுக்குள் இறங்கிவிட்டார். தாயார் கரையிலே அழுது காத்திருந்தார். மூன்றாம் நாள், மாசி 20-ஆம் தேதி, நாராயணரின் அவதாரமாக, வைகுண்டராகக் கடலிலிருந்து எழுந்து வந்தார். மகனே என்று ஓடிய தாயிடம், தாம் இனி அவருக்கு மட்டும் மகன் அல்ல என்று உணர்த்திவிட்டுப் பூவண்டன்தோப்பை நோக்கி நடந்தார்.

அங்கே ஆறு வருடம் தவம். முதல் இரண்டு வருடம் ஆறடிக் குழிக்குள், அடுத்த இரண்டு வருடம் தரையில், கடைசி இரண்டு வருடம் உயர்ந்த பீடத்தில். ஜனங்கள் திரண்டு வந்தார்கள். அய்யா பேய்களை எரித்தார், மந்திரவாதிகளின் வித்தையைச் செயலற்றதாக்கினார். பலி வேண்டாம், காணிக்கை வேண்டாம், கைக்கூலி வேண்டாம் என்றார். தண்ணீரும் மண்ணுமே மருந்தாயிற்று. முத்திரிக் கிணற்றில் பதினெட்டுச் சாதியும் ஒரே தண்ணீரை மொண்டு குளித்துக் குடித்தார்கள். அடுத்தவன் தொட்டால் தீட்டு என்ற பயம் அந்தக் கிணற்றடியில் செத்தது.

சாதி பேதமின்றி ஜனங்கள் கூடுகிறார்கள் என்ற செய்தி சுவாதித் திருநாள் மகாராஜாவுக்கு எட்டியது. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. இவ்வளவு காலம் ஜனங்கள் அரசைக் கண்டு பயந்தார்கள். இப்போது ஆயுதம் இல்லாத ஒருவரைக் கண்டு அரசே பயந்தது.

1838-இல் சேவகர்கள் வந்து அய்யாவைப் பிடித்தார்கள். கூடியிருந்தவர்கள் எதிர்த்து நிற்கத் துடித்தார்கள். அய்யா அவர்களைப் பொறுக்கச் சொல்லித் தடுத்தார். பயந்து அடங்குவது வேறு, பலமிருந்தும் பொறுப்பது வேறு என்பதை அன்று ஜனங்கள் கண்டார்கள். சுசீந்திரத்துக்கும் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கும் கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தார்கள். நீற்றுச்சூளையில் போட்டார்கள், மிளகாய் வற்றல் புகையில் அடைத்தார்கள், பட்டினி போட்ட புலியின் முன் நிறுத்தினார்கள். எதுவும் அய்யாவைத் தீண்டவில்லை. புலி பணிந்து படுத்தது என்று அகிலத்திரட்டு அம்மானை வழியாக அறிகிறோம். கடைசியில், தன் சாதியாரோடு மட்டும் சேர்ந்திருப்பதாக ஒப்புக்கொண்டால் விடுகிறோம் என்று எழுதிக் கேட்டார்கள். அய்யா அதற்கு இசையவில்லை. 110 நாள் சிறையிருந்து, 1014 மாசி 19-இல் வெளியே வந்தார். ஜனங்கள் வாகனத்தில் சுமந்து ஊர்வலமாகத் தோப்புக்கு அழைத்து வந்தார்கள்.

பிறகு எழுநூறு குடும்பங்களை வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் துவையல் தவசு இருக்கச் செய்தார். மூன்று வேளையும் குளித்து, துணி துவைத்து, சுத்த போஜனம் உண்டு, கூடி வாழப் பழகினார்கள். அசுத்தமானவர்கள் என்று தள்ளப்பட்டவர்கள் சுத்தத்தில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல என்று ஆனது. ஊர் ஊராக நிழல்தாங்கல்கள் எழுந்தன. ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். அய்யாவிடமிருந்து முடிசூடும் பெயரைப் பறித்தார்கள். அவரோ நம் ஒவ்வொருவர் தலையிலும் முடியைச் சூட்டிவிட்டார். 1026 வைகாசி 21-இல், 1851-ஆம் ஆண்டு, அய்யா வைகுண்டம் எழுந்தருளினார். எட்டு வருடம் கழித்து, 1859-இல், நம் பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசே அறிவிக்க வேண்டிவந்தது.

அன்பு மக்களே, இப்போது நம்மைப் பார்ப்போம். தாங்கலில் பணிவிடை செய்கிற எனக்குத் தெரிந்த காரியம் ஒன்று. சில மாதம் முன்பு ஒரு தாயார் காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிவந்து திருநாமம் சாத்தச் சொன்னார். பிள்ளையின் கையில் மந்திரித்த கயிறு மூன்று கிடந்தது. எல்லாப் பக்கமும் பார்த்து வைப்போமே அண்ணாச்சி என்றார். நான் கடிந்துகொள்ளவில்லை. திருநாமம் சாத்தி, பதம் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அய்யா எரித்த பயம் நம் வீடுகளில் இன்னும் புகைந்துகொண்டுதான் இருக்கிறது என்று அன்று மனசு கனத்தது.

அதைவிடப் பெரிய கேள்வியும் உண்டு. நம்மைக் கண்டு யாராவது பயப்படுகிறார்களா? வேறு சாதிக்காரர் ஒருவர் நம் தாங்கலுக்குள் வரக் கூசி வாசலில் நிற்கிறாரா? நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் நம் குரல் கேட்டு நடுங்குகிறார்களா? அப்படி இருந்தால் நாம் கட்டியிருக்கிற தலைப்பாகை வெறும் துணிதான்.

பள்ளியறைக் கண்ணாடி முன் நிற்கும்போது நம் முகம் தெரிகிறது. உனக்குள்ளே இறைவன் இருக்கிறான் என்பதுதான் அதன் பொருள். அது நமக்குள் மட்டுமல்ல, அடுத்து வந்து நிற்கிறவருக்குள்ளும் உண்டு. அதை அறிந்தவன் யாருக்கும் பயப்பட மாட்டான், யாரையும் பயப்படுத்தவும் மாட்டான். இந்த மாசி 20-இல் ஊர்வலம் போகும்போது இதை நினைத்துக்கொண்டு நடப்போம்.

அய்யா துணை. அய்யா உண்டு.