டீசல் போட்ட கணக்கு

கார் வாங்கச் செல்பவர் முதலில் எதிர்கொள்ளும் கேள்விகளுள் ஒன்று, பெட்ரோலா, டீசலா என்பது. பெட்ரோல் என்பது எரிபொருளின் பெயர். டீசல் என்பதோ முதலில் ஒரு மனிதரின் பெயர். அவருடைய வாழ்க்கையை அறிந்தவர்க்கு அந்தக் கேள்விக்கு விடை காண்பது எளிது.

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18-ஆம் நாள், பாரிஸில் குடியேறியிருந்த ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தார். தந்தை தோல் பொருள்கள் செய்யும் கைவினைஞர். 1870-இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது குடும்பம் லண்டனுக்கு வெளியேற நேர்ந்தது. சிறுவன் ருடால்ஃப், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டில் தங்கிப் படித்தார். பின்னர் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் கார்ல் ஃபான் லிண்டேயிடம் பயின்று, 1880-இல் மிகச் சிறந்த மதிப்பெண்களுடன் தேறினார்.

நீராவி இயந்திரம் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மட்டுமே பயன்படுத்துகிறது என்று வகுப்பில் கேட்டது அவர் மனத்தை விட்டு அகலவில்லை. வீணாகும் எஞ்சிய பகுதியை மீட்பதே அவருடைய வாழ்நாள் பணியாயிற்று. காற்றை மிகுந்த அழுத்தத்துக்கு உள்ளாக்கினால் அது கடுமையாகச் சூடேறும். அதில் எரிபொருளைச் செலுத்தினால் தீப்பொறி இன்றியே பற்றிக்கொள்ளும். இக்கருத்துக்கு 1893-இல் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டு நடந்த முதல் சோதனையில் அழுத்தம் காட்டும் கருவி வெடித்துச் சிதறியது. நான்கு ஆண்டுகள் உழைத்தபின், 1897-இல் அவருடைய இயந்திரம் 26.2 விழுக்காடு செயல்திறனை எட்டியது.

பெரு முதலாளிகளிடமிருந்த ஆற்றல் சிறு பட்டறைக்காரருக்கும் கிட்ட வேண்டும் என்பது அவர் கனவு. தொழிலாளர் கூட்டுறவை வலியுறுத்தி 1903-இல் ஒரு பொருளாதார நூலும் எழுதினார். அது எவரையும் ஈர்க்கவில்லை. அந்த அழுத்தத்தைத் தாங்கக் கனத்த உலோகம் வேண்டியிருந்ததால், இயந்திரம் எடையும் விலையும் மிகுந்ததாயிற்று. எனவே அது ஆலைகளுக்கும் கப்பல்களுக்கும் சென்றது. விற்பனைக்கு வந்த டீசல் கார்களை 1936-இல்தான் உலகம் கண்டது.

அதைக் காண டீசல் இல்லை. உரிமங்களால் பெரும்பொருள் ஈட்டிய அவர், காப்புரிமை வழக்குகளாலும் தவறான முதலீடுகளாலும் கடனாளியானார். 1913 செப்டம்பர் 29 இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து சென்ற கப்பலில் காணாமற்போனார். சில நாள்களுக்குப் பின் கடலில் கிடைத்த உடலிலிருந்த பொருள்களை அவர் மகன் அடையாளம் காட்டினார். அது தற்கொலையா, விபத்தா, கொலையா என்பது இன்றுவரை தீரவில்லை. எரிபொருளில் வீணாவதைக் குறைத்தவர், தம் வரவு செலவில் தோற்றார்.

அவருடைய இயந்திரத்தின் இயல்பு இன்றும் மாறவில்லை. வாங்கும்போது விலை மிகுதி. ஓட ஓடத்தான் சிக்கனம். எடுத்துக்காட்டாக, டீசல் காரின் விலை 1,50,000 ரூபாய் கூடுதல் என்றும், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் மிச்சம் என்றும் கொள்வோம். 75,000 கிலோமீட்டர் ஓடிய பின்னரே கூடுதல் விலை ஈடாகும். ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மூன்றே ஆண்டுகள். 7,500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் பத்து ஆண்டுகள். தலைநகர் தில்லியிலோ, பத்தாண்டு கடந்த டீசல் வாகனங்களுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடை விதித்தது.

நம் நாட்டில் டீசல் விலை மீதான அரசின் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீங்கியது. அதுவரை மானியத்தால் குறைந்திருந்த விலையைக் கண்டு, குறைவாகப் பயணம் செய்தோரும் டீசல் கார் வாங்கினர். புகையின் விலையோ எவர் கணக்கிலும் ஏறவில்லை. அதைச் சாலையோரத்தில் வாழ்பவர்களின் நுரையீரல் செலுத்தியது. ஓயாது உழைக்கும் லாரிக்கும் பேருந்துக்கும் டீசல் போட்ட கணக்கு பொருந்தும். வீட்டு வாசலில் பெரும்பாலும் நின்றிருக்கும் காருக்குப் பெட்ரோலே போதும்.