எமன் வேடம் துறந்த புலவர்

புதுவை என்றதும் தமிழ் கற்றோர் நெஞ்சில் முதலில் எழும் பெயர் பாரதி. அடுத்து எழுவது பாவேந்தர். மூன்றாவதாக ஒரு பெயரைச் சொல்லுமாறு கேட்டால் நம்மிற் பலர் சற்றே தயங்குவோம். அந்த மூன்றாம் பெயருக்கு உரியவர் இவ்வூரிற் பிறந்தவர் அல்லர். இங்கே நெடுநாள் வாழ்ந்தவரும் அல்லர். வாயும் கையும் செயலிழந்த நிலையில் ஒரு நாடகக் குழுவோடு இங்கு வந்து, 1922 நவம்பர் 13ஆம் நாள் இரவு உயிர் நீத்தவர். கருவடிக்குப்பத்தில் அடக்கமானவர். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளே அவர்.

அவர்தம் பாடல்களைப் பற்றியும் மாணாக்கர்களைப் பற்றியும் எழுதினோர் உளர். இக்கட்டுரை அவர் வாழ்வின் முற்பகுதியைச் சற்றுக் கூர்ந்து நோக்க விழைகிறது. புலவராகவும் ஆசிரியராகவும் அறியப்படுமுன் அவர் ஒரு நடிகர். அதிலும் காண்போரை நடுங்கவைத்த நடிகர். திரைப்படத்தில் பேயும் பிசாசும் கொலைஞரும் தோன்றி மக்களை அலறவைப்பதற்கு நெடுங்காலம் முன்பே, எண்ணெய் விளக்கின் ஒளியில் முகத்தையும் குரலையும் மட்டுமே கொண்டு அதைச் செய்து காட்டியவர் அவர்.

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867 செப்டம்பர் 7ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரனார் இராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சியுடையவராதலின் இராமாயணப் புலவர் என்றே அழைக்கப்பெற்றார், தாயார் பேச்சியம்மாள். தந்தையாரிடம் தொடங்கிய தமிழ்க்கல்வி, பழனி தண்டபாணி சுவாமிகளிடம் முதிர்ந்தது. உடுமலை சரபம் முத்துசாமிக் கவிராயர் அங்கே உடன் பயின்றவர். வெண்பாவும் கலித்துறையும் வண்ணமும் இளமையிலேயே கைவந்தன. ஆயினும் வயிற்றுப்பாட்டுக்குத் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதும் வேலைதான் கிடைத்தது. சில காலம் அதைப் பார்த்தார்.

இருபத்து நான்காம் வயதில், அதாவது 1891 அளவில், கணக்கேட்டை மூடிவிட்டு நாடகத்துள் புகுந்தார். (அதே ஆண்டில்தான் புதுவையில் கனகசுப்புரத்தினம் பிறந்தார்.) அக்காலத்தில் நாடகக்காரன் என்றால் வீடு வாடகைக்குக் கொடுக்கவும் மக்கள் அஞ்சினர். கற்றறிந்த குடும்பத்து இளைஞர் ஒருவர், யாப்பறிந்தவர், கூத்தாடி என்ற பட்டத்தை விரும்பி ஏற்பது எளிய செயலன்று. இராமுடு ஐயர், கல்யாணராமையர் ஆகியோர் நடத்திய சபையில் அவர் நடிகரானார். ஏற்ற வேடங்கள் இராவணன், இரணியன், எமன், சனீசுவரன் ஆகியவை. ஓங்கிய உடலும் இடிக்குரலும் உடையவருக்கு இவையே வாய்த்தன.

அச்சம் தோன்றுதற்குரிய களங்கள் நான்கு என வகுத்த தொல்காப்பியர், தெய்வத்தையும் கொடுவிலங்கையும் கள்வரையும் அரசனையும் அவ்வரிசையில் வைத்தார். சுவாமிகள் புனைந்த வேடங்களில் தெய்வமும் அரசனும் ஒன்றாகக் கலந்து நின்றதைக் காணலாம். இரணியன் தன்னையே தெய்வம் என்ற அரசன்; எமன் அரசனைப் போல் ஆணையிடும் தெய்வம். சனீசுவரனோ இவ்விரண்டினும் கொடியவன். ஏனையோர் எதிரே வந்து நிற்பர். சனி, கால் கழுவும்போது நனையாது விட்ட சிற்றிடம் பார்த்துக் காத்திருந்து நளனைப் பற்றுபவன். நளன் அந்தப் பீடையினின்று விடுபட்ட திருநள்ளாறு நம் காரைக்காலை அடுத்தே இருப்பதால், புதுவையார்க்கு அக்கதையின் அச்சம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இரவு தொடங்கி விடியும்வரை நடக்கும் நாடகம். அரிதாரமும் முத்துவெள்ளையும் கரியும் அப்பிய முகம். விளக்கொளி தாழ்விலிருந்து மேல்நோக்கி விழுமாதலால் புருவமும் கண்குழியும் இயல்பினும் பெரிதாகத் தோன்றும். ஒலிபெருக்கி இல்லை, கடைசி வரிசையில் அமர்ந்தவனையும் நடிகரின் குரலே சென்று எட்டவேண்டும். அவர் வேடம் துறந்த நாளில் தமிழ்நாட்டில் திரைப்படத் தயாரிப்பே தொடங்கவில்லையாதலின், அந்நடிப்பை நாம் காண வழியில்லை. அதன் வலிமையை அது விளைத்த விளைவுகளால் மட்டுமே ஊகித்தல் கூடும்.

அத்தகைய இரண்டு நிகழ்ச்சிகள் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றன. ஓர் ஊரில் நளதமயந்தி நாடகம் நடந்து முடிந்தது. சனீசுவரனாக நடித்த சுவாமிகள் வேடத்தைக் களையாமலே விடியற்பொழுதில் ஊர்ப்புறத்து நீர்நிலைக்குச் சென்றார். இருள் முற்றும் பிரியவில்லை. அந்நேரத்தில் அங்கு வந்த பெண்ணொருத்தி, கருத்த மேனியும் கோரமுகமுமாய் எதிரே நின்ற உருவத்தைக் கண்டாள். அலறி விழுந்தாள், எழவில்லை. மற்றொரு முறை சாவித்திரி நாடகத்தில் அவர் எமனாகத் தோன்றி முழங்கியபோது, அவையில் இருந்த கருவுற்ற பெண்ணொருத்திக்கு அச்சத்தால் கருச்சிதைந்தது. சொல்வோருக்கேற்ப ஊரும் விவரமும் சிறிது மாறும். ஆனால் முடிவு மாறுவதில்லை: இவற்றால் உள்ளம் உடைந்த சுவாமிகள் அதன்பின் அத்தகைய வேடம் புனைவதை விட்டொழித்தார் என்பர்.

இன்றைய இரசிகர் சிலர் இக்கதைகளை நடிகரின் திறமைக்குச் சான்றாக வியந்து பேசுகின்றனர். எனக்கு அவ்வியப்பு உடன்பாடன்று. நடிகர் அதைத் திறமையாகக் கொள்ளவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. கொட்டகைக்குள் அமர்ந்தவர் அச்சத்தை விலை கொடுத்து வாங்கியவர். அஞ்சி முடித்துவிட்டு வீடு திரும்பலாம் என்று அறிந்தவர். நீர்த்துறைக்கு வந்த அந்தப் பெண் அச்சீட்டை வாங்கியவள் அல்லள். திரையும் விளக்கும் பாட்டும் சூழ்ந்திருக்கும்வரை மெய்ப்பாடாக இருந்த ஒன்று, அவை நீங்கிய இடத்தில் உயிரைக் குடித்தது. அவையில் இருந்த கர்ப்பிணியின் கதையோ இன்னும் கடுமையானது; அவளுக்கு அரங்கமே அரணாகவில்லை. கைதட்டலின் நடுவே இதை உணர்ந்து, பேரும் பொருளும் தந்த வேடத்தை உதறுதல் எத்தனை நடிகர்க்கு இயலும்?

அதன்பின் சாமி நாயுடு நாடக சபையில் அவர் ஆசிரியரானார். மேடையேறினால் சூத்திரதாரராக மட்டும் தோன்றினார். அடுத்து நடப்பது நாடகம் என்று அவைக்கு முன்கூட்டியே அறிவிப்பவன் சூத்திரதாரன். எமனாக நின்றவர் அப்பணியை ஏற்றது தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் பொருத்தமாகவே படுகிறது. பின்னர் அதையும் விடுத்து, துறவு பூண்டு திருத்தலங்கள் தோறும் சென்றார். சங்கரதாஸ் சுவாமிகள் என்னும் பெயர் அந்நாளில் அமைந்தது.

அவரை மீண்டும் கலைக்கு அழைத்து வந்தவர் புதுக்கோட்டைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை. சுவாமிகளைத் தம் மகனாகவே கொண்டு, தாளத்தின் நுட்பங்களைக் கற்பித்தார். ஏற்கெனவே வண்ணத்தில் தேர்ந்திருந்த புலவருக்கு இது புதுக் கருவியாயிற்று. சந்தமும் தாளமும் பிசகாத நாடகப் பாடல்கள் அங்கிருந்து பிறந்தன. வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவர ஐயர் முதலானோரின் சபைகளில் ஆசிரியராய் அமர்ந்தார்; 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தாமே தோற்றுவித்தார். எஸ். ஜி. கிட்டப்பா பயின்றது அச்சபையில்தான்.

பெரியவர்கள் நடித்த சபைகளில் அவருக்கு ஒரு மனக்குறை இருந்துகொண்டே வந்தது. எழுதிக்கொடுத்ததை விடுத்து நடிகர் தம் மனம்போனபடி பேசினர், ஒருவரையொருவர் மேடையிலேயே மடக்கினர், ஒழுக்கமும் குலைந்திருந்தது. இதற்கு மாற்றாக 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சிறுவர்களே நடிகர்கள். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே சேர்ந்தனர். சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. பாலர் சபை வாழ்க்கை மென்மையானது என்று சொல்வதற்கில்லை. வீட்டைப் பிரிந்த பிள்ளைகள், விடியற்காலைப் பாடம், இரவு முழுவதும் நாடகம். குரல் உடைந்தால் வேடமும் போய்விடும். ஆனால் எழுதிய சொல்லுக்கு மேடையில் மதிப்பு உண்டு என்பதை அப்பிள்ளைகளே நிலைநாட்டினர்.

சண்முகத்துக்காக அபிமன்யு சுந்தரி எழுதப்பட்ட கதை நாடகத்தார் அனைவரும் அறிந்தது. ஒரே இரவில், விளக்கு வெளிச்சத்தில், அடித்தலும் திருத்தலும் இன்றி நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களோடு முழு நாடகமும் எழுதி முடிக்கப்பட்டது. தம் எனது நாடக வாழ்க்கை (1972) என்னும் நூலில் சண்முகம் காட்டும் ஆசிரியர், பிள்ளைகள் அஞ்சி நடுங்கிய ஆசிரியரே. அவர்கள் தந்தையாய்க் கருதிய ஆசிரியரும் அவரே. பழைய இரணியனின் குரல் பாடம் சொல்லும் வேளையில் எங்கோ எஞ்சியிருந்தது போலும்.

சுவாமிகள் இயற்றிய நாடகங்கள் ஏறத்தாழ நாற்பது என்பது பொதுவான கணக்கு. எல்லாம் இன்று கிடைப்பதில்லை. பவளக்கொடி, வள்ளி திருமணம், கோவலன், சுலோசனா சதி, அல்லி அர்ஜுனா, சதி அனுசூயா, பிரகலாதன், நல்லதங்காள் என்று பட்டியல் நீளும். வடமொழி மிருச்சகடிகமும் சேக்சுபியரின் ரோமியோ ஜூலியட்டும் அவர் கையில் தமிழ் நாடகங்களாயின. பவளக்கொடியே 1934இல் திரைப்படமாகி தியாகராஜ பாகவதரை உலகுக்கு அறிமுகம் செய்தது.

நான் வலியுறுத்த விரும்புவது ஒன்று. வேடத்தைத் துறந்த அவர் அச்சத்தை நாடகத்தினின்று விலக்கவில்லை. சத்தியவான் சாவித்திரியில் எமன் வருகிறான். வந்து கணவன் உயிரைக் கவர்கிறான். ஆனால் அவன் பேசவேண்டியவனாகிறான். ஒரு பெண் பின்தொடர்ந்து வினாவ, அவன் விடை சொல்ல, சொல்லச் சொல்லத் தன் வாக்கில் தானே சிக்கிக்கொள்கிறான். மதுரை, புதுக்கோட்டை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் நடைபெறும் ஸ்பெஷல் நாடகத்தில் இத்தர்க்கத்துக்கென்றே விழித்திருப்போர் உண்டு. உருவத்தால் ஒருத்தியைக் கலங்கடித்த எமன், எழுத்தில் ஒருத்தியிடம் சொல்லால் தோற்கிறான். இதை ஆசிரியர் கருதியே செய்தார் என்று நான் வாதிட வரவில்லை, கதை பழையதுதான். ஆனால் அக்காட்சியை அவர் விரித்த விரிவைக் காண்கையில் பழைய நினைவு ஒன்று அங்கே வேலை செய்ததாகவே தோன்றுகிறது.

இரணியனைப் பற்றியும் இங்கே ஒரு சொல். சுவாமிகள் நடித்துக் காட்டியது அஞ்சத்தக்க இரணியன். பாவேந்தரின் இரணியன் அல்லது இணையற்ற வீரன் 1934இல் மேடையேறியபோது அதே இரணியன் மானவீரனாக நிமிர்ந்தான். இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்வதற்குப் புதுவையினும் தக்க இடம் வேறில்லை. நாமோ முன்னவரின் பாடல்களைக் கூத்துப்பாட்டு என்று ஒதுக்கி, யாப்பிலக்கண வகுப்பில்கூட எடுத்துக்காட்டாகக் கொள்ளாதிருக்கிறோம். சந்தம் வேண்டிப் பிற நூல்களைத் தேடும் நம் கவிஞர்கள், ஓரிரவில் நூறு பாடல் கட்டிய கையைப் பயின்று பார்த்தால் இழப்பொன்றும் இல்லை.

1921இல் சபை சென்னையில் தங்கியிருந்தபோது சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கைகால் வழங்கவில்லை, பேச்சும் நின்றது. ஊர்களை நடுக்கிய குரல் அத்துடன் ஓய்ந்தது. மருத்துவம் பயன் தரவில்லை. ஆயினும் அவர் சபையை விட்டுப் பிரியவில்லை. அது செல்லும் ஊர்களுக்கெல்லாம் உடன் சென்றார். எழுதவும் இயலாத, திருத்தவும் இயலாத ஆசிரியர் அருகிருக்க, அவர் எழுதிய வரிகளைப் பிள்ளைகள் இரவுதோறும் மேடையில் பேசினர்.

அந்நிலையிலேயே சபை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்கு வந்தது. பாரதி மறைந்து பதினான்கு மாதங்கள் கடந்திருந்தன. சபை தங்கியிருந்த வீட்டில் 13.11.1922 இரவு சுவாமிகளின் மூச்சு அடங்கியது, அகவை ஐம்பத்தைந்து. பாரதி உலாவிய மாந்தோப்பும் சித்தானந்தர் கோயிலும் உள்ள அதே கருவடிக்குப்பத்தில் அவரை அடக்கம் செய்தனர். மதுரை தமுக்கத்தில் அவருக்குச் சிலை உண்டு. இங்கே சமாதி உண்டு. ஆண்டுதோறும் நவம்பர் 13 அன்று நாடகக் கலைஞர்கள் அங்கே கூடி மாலையிட்டு அவர் பாடல்களைப் பாடுகின்றனர்.